பின்கதவைக் கழற்றுவதற்கு முன்

இங்கிலாந்தில் வீட்டின் பின்பக்கம் ஆரஞ்சரி, அதாவது செங்கல் தூணும் கண்ணாடியும் கலந்த தோட்டத்து அறை, கட்ட நினைப்பவர்கள் முதலில் பேசுவது கூரை நடுவே எழும்பி நிற்கும் கண்ணாடிக் கூடான லான்டர்னைப் பற்றி. எத்தனை அடி நீளம், சட்டம் வெள்ளையா கருஞ்சாம்பலா, கண்ணாடியில் நீலச் சாயல் வேண்டுமா என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். தோட்டத்துப் பக்கம் மடிக்கும் கதவு நான்கு மடிப்பா ஐந்து மடிப்பா என்பது அடுத்த பேச்சு. இவையெல்லாம் பிறகு முடிவு செய்யக்கூடியவை. எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பின்கதவு, ஆரஞ்சரி வந்த பிறகும் அதே இடத்தில் இருக்குமா, இல்லை கழற்றப்பட்டு இரண்டும் ஒரே அறையாகுமா? அஸ்திவார ஆழம் ஒன்றைத் தவிர, கட்டட விதி, சூடேற்றும் செலவு, கண்ணாடியின் அளவு, நாளைக்கு வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்கும் காகிதம் எல்லாமே இந்தக் கதவைத்தான் சுற்றி நிற்கின்றன. ஆனாலும் இதைக் கடைசியில், கட்டி முடித்த பிறகு, "இந்தக் கதவு எதுக்கு இடைஞ்சலா, எடுத்துடலாமே" என்று போகிற போக்கில் முடிவு செய்கிறார்கள். இந்த வேலையில் மனசை உறுத்துவது இதுதான்.

ஆரஞ்சரி என்ற பெயரே மூடிய கதவோடு பிறந்தது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைத் தொட்டியில் வளர்த்து, பனிக்காலத்தில் உள்ளே வைத்துக் காப்பாற்றக் கட்டிய கூடம் அது. வெர்சாயில் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை அர்துவான் மான்சார் கட்டிய ஆரஞ்சரி தெற்குப் பார்த்தது. நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம், சுவர் நான்கைந்து மீட்டர் தடிமன். குளிர்காலத்திலும் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே போகாது. மரங்களுக்கு அவ்வளவு போதும். லண்டனில் கியூ தோட்டத்தில் 1761-ல் வில்லியம் சேம்பர்ஸ் கட்டியது வேறு பாடம் சொல்கிறது. பார்க்க அழகான கட்டடம். ஆனால் உள்ளே வெளிச்சம் பற்றாமல் எலுமிச்சை வகைகள் செழிக்கவே இல்லை. இப்போது அது உணவகம். கூரை முழுக்க மூடியிருந்தால் இருட்டு, முழுக்கக் கண்ணாடியானால் கோடையில் வேக்காடு, பனியில் நடுக்கம். செங்கல் தூண்கள், ஓரம் முழுக்க இன்சுலேஷன் போட்ட தட்டைக் கூரை, நடுவில் மட்டும் லான்டர்ன் என்ற இன்றைய வடிவம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம். நல்ல சமரசம்தான். ஆனால் அந்தப் பழைய கூடங்கள் வீட்டின் வரவேற்பறையோடு காற்றைப் பகிர்ந்துகொண்டதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

கதவு இருந்தால் ஒரு சட்டம், போனால் இன்னொரு சட்டம்

இங்கிலாந்தின் கட்டட விதிகளில், வீட்டை ஒட்டிய கண்ணாடி அறையான கன்சர்வேட்டரிக்கு ஒரு விலக்கு உண்டு. தரைத்தளத்தில் இருக்க வேண்டும், தரைப்பரப்பு 30 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, வீட்டுக்கும் அதற்கும் நடுவில் வெளிச்சுவர் தரத்திலுள்ள சுவரும் கதவும் ஜன்னலும் அப்படியே இருக்க வேண்டும், வீட்டின் ஹீட்டிங்கை இழுத்து உள்ளே விடக் கூடாது, உள்ளே ஹீட்டர் வைத்தால் அது தனியாக அணைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் பில்டிங் கண்ட்ரோல் அனுமதி தேவையில்லை. ஆனால் ஆரஞ்சரி தானாகவே இந்த விலக்குக்குள் வந்துவிடும் என்று நினைப்பது தவறு. கூரையிலும் சுவரிலும் கணிசமான பங்கு கண்ணாடியாக இருந்தால்தான் அது கன்சர்வேட்டரி. கூரையில் கால்வாசிதான் லான்டர்ன், மீதி பிளைவுட்டும் ரப்பர் ஷீட்டும் என்றால் அதிகாரி அதைச் சாதாரண நீட்டிப்பு அறையாகத்தான் பார்ப்பார். வரைபடத்தைக் காட்டி முதலிலேயே எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது. விலக்கு கிடைத்தாலும் மின்வேலைக்கு அதன் விதி தனி. வீட்டுச் சுவரில் புதிதாக வழி திறந்தாலோ, இருக்கும் வழியை அகலப்படுத்தினாலோ, அந்த உத்தர வேலைக்கும் தனி அனுமதி வேண்டும்.

கதவு போகிறது என்றால் எந்தப் பேச்சுக்கும் இடமில்லாமல் அது முழு நீட்டிப்பு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த எரிசக்தி விதிகளின்படி புதுச் சுவரும் தரையும் யு மதிப்பு 0.18, கூரை 0.15, ஜன்னல் கதவுகள் 1.4. கூரைக் கண்ணாடிக்கு 2.2 வரை விடுவார்கள். இந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு குறைவாக வெப்பம் வெளியே போகும். இதையெல்லாம் விற்பனையாளர் சொல்லிவிடுவார். அடுத்ததை யாரும் சொல்வதில்லை. கண்ணாடிக்கு ஒரு வரம்பு உண்டு: புது அறையின் தரைப்பரப்பில் 25 சதவீதம், அதோடு இந்த வேலையால் மறைந்துபோகும் பழைய ஜன்னல் கதவுகளின் பரப்பு. அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம், 20 சதுர மீட்டர் அறை. அதில் 25 சதவீதம் என்பது 5 சதுர மீட்டர். மறைகிற பழைய கதவு 1.8 மீட்டருக்கு 2.1 மீட்டர், ஜன்னல் ஒன்று 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர், இரண்டும் சேர்ந்து 5.2. ஆக அனுமதி 10.2 சதுர மீட்டர். நமக்கு வேண்டியது என்ன? 4 மீட்டர் அகல மடிக்கும் கதவு 8.4, 3 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் லான்டர்னில் சரிவையும் சேர்த்துக் கண்ணாடி 5. மொத்தம் 13.4. மூன்று சதுர மீட்டர் அதிகம். இதனால் வேலை நின்றுவிடாது. சுவரிலும் தரையிலும் கூடுதல் இன்சுலேஷன் போட்டு, நல்ல கண்ணாடி எடுத்து, மொத்த இழப்பு விதிக்குள் வருகிறது என்று கணக்குக் காட்டலாம். அதற்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே கணக்கு முடிந்திருக்க வேண்டும். தரையில் 100 மில்லிமீட்டருக்குப் பதில் 150 மில்லிமீட்டர் பலகை போட வேண்டும் என்று கான்கிரீட் இறுகிய பிறகு தெரிந்தால், வீட்டுத் தரையும் புதுத் தரையும் ஒரே மட்டத்தில் வரவே வராது.

அதே அறையின் வெப்பக் கணக்கையும் பாருங்கள். கதவு 8.4 சதுர மீட்டரை 1.4-ஆல் பெருக்கினால் 11.8. லான்டர்ன் விதி அனுமதிக்கும் 2.2-ஐவிட நல்லதாக 1.6 என்று வைத்து, 5-ஐ அதனால் பெருக்கினால் 8. மற்ற மூன்றுபக்கச் சுவர், தரை, தட்டைக் கூரை எல்லாம் சேர்ந்தே 10 சொச்சம்தான். அதாவது ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் போகிற 30 வாட்டில் மூன்றில் இரண்டு பங்கு கண்ணாடி வழியாகப் போகிறது. காற்று மாறுவதால் போவது இன்னொரு 17 வாட். வெளியே மைனஸ் 2, உள்ளே 20 டிகிரி என்றால் அறைக்குத் தொடர்ந்து 1,000 வாட்டுக்கு மேல் வேண்டும். கதவை மூடிவிட்டு உள்ளே 10 டிகிரி போதும் என்று விட்டால் 560 வாட். கதவு என்பது இந்த வித்தியாசமும்தான்.

கட்டட விதிகள் வேறு, கவுன்சிலின் பிளானிங் அனுமதி வேறு. பிளானிங் பக்கம் சிக்கல் குறைவு. வீட்டின் அசல் பின்சுவரிலிருந்து, ஒட்டிய வீடுகளுக்கு 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் வரை விண்ணப்பம் இல்லாமல் கட்டலாம். பக்கத்து வீட்டாருக்குக் கவுன்சில் மூலம் தெரிவிக்கும் முறையில் 6, 8 மீட்டர் வரை போகலாம். உயரம் 4 மீட்டருக்குள், எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் கூரை விளிம்பு 3 மீட்டருக்குள். பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடம், பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் கதையே வேறு. ஃபிளாட்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள், அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முற்றத்தில் மேன்ஹோல் மூடி தெரிந்தால் அதைத் திறந்து பாருங்கள்: இரண்டு மூன்று வீட்டுக் கழிவு சேர்ந்து போகும் குழாய்கள் 2011 அக்டோபர் முதல் தண்ணீர் நிறுவனத்தின் சொத்து. அதற்கு 3 மீட்டருக்குள் கட்ட அவர்கள் ஒப்புதல் வேண்டும்.

பழைய பின்சுவர்

ஆரஞ்சரியில் நீர் கசிந்தால் எல்லோரும் லான்டர்னைத்தான் சந்தேகிப்பார்கள். சிலிக்கான் குழாயோடு ஏறி எல்லா இணைப்பையும் பூசிவிட்டு வருவார்கள். அடுத்த மழைக்குக் கறை அதே இடத்தில் வரும். அந்தக் கறை எங்கே என்று பாருங்கள். லான்டர்னுக்குக் கீழே இல்லாமல், புதுக் கூரை வீட்டுச் சுவரைத் தொடும் கோட்டில், பழுப்பாக நீண்டு கிடந்தால் காரணம் கூரையில் இல்லை, சுவருக்குள் இருக்கிறது.

1930-களுக்குப் பிந்திய பெரும்பாலான வீடுகளின் வெளிச்சுவர் இரண்டு அடுக்கு, நடுவில் காலி இடைவெளி. சாய்மழை அடித்தால் வெளி அடுக்குச் செங்கல் நனைந்து, தண்ணீர் அதன் உள்முகமாக இடைவெளிக்குள் வழிந்து தரைமட்டத்துக்குக் கீழே போய்விடும். அது வீட்டுக்குள் வராமல் காப்பதற்காகத்தான் அந்த இடைவெளியே. இப்போது அந்தச் சுவரில் பாதி உயரத்தில் ஒரு கூரையை ஒட்டிவிட்டோம். கூரைக்கு மேலே இருக்கும் சுவர் இன்னும் மழையில் நனைகிறது. கீழே இருக்கும் சுவர் நம் அறையின் உள்சுவர். மேலே நுழைந்த தண்ணீர் வழக்கம்போலக் கீழே இறங்கி, இப்போது பிளாஸ்டர் பூசிய அறைக்குள் வந்து நிற்கிறது. வெளியே ஈயத் தகடு எவ்வளவு அழகாக மடித்து அடித்திருந்தாலும் அது சுவரின் வெளிமுகத்தை மட்டுமே காக்கும். இடைவெளிக்குள் இறங்கும் தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ள கேவிட்டி ட்ரே வேண்டும். கூரை சேரும் கோட்டுக்கு மேலே செங்கல்லை இரண்டு மூன்றாக எடுத்து, ட்ரேயைச் சொருகி, ஒன்றின் நுனி அடுத்ததன் மேல் ஏறும்படி இணைத்து, மீண்டும் செங்கல் வைத்து, 900 மில்லிமீட்டருக்கு ஒன்றாவது வடிதுளை விட வேண்டும். ஒரே மூச்சில் நீளமாகச் செங்கல் எடுத்தால் மேல் சுவர் இறங்கும். அதனால்தான் இது மெதுவான வேலை, அதனால்தான் இதை விட்டுவிடுகிறார்கள். விலைப்பட்டியலில் "கேவிட்டி ட்ரே" என்ற சொல் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். ஈயத் தகட்டின் தடிமன் கோட் 4 வகை, ஒரு துண்டு ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், செங்கல் இணைப்புக்குள் 25 மில்லிமீட்டராவது நுழைந்து, கூரை மட்டத்திலிருந்து 150 மில்லிமீட்டர் ஏற வேண்டும். நீளமாக ஒரே துண்டாக அடித்தால் வெயிலில் விரிந்து சுருங்கி நடுவில் கிழியும்.

அதே சுவரின் அடியில் இன்னொன்று இருக்கிறது. விக்டோரியா காலத்து வீடுகளிலும் 1930-களின் வீடுகளிலும் தரை பலகை. அடியில் காற்று ஓடச் சுவரில் ஏர் பிரிக் என்ற துளையுள்ள செங்கல் வைத்திருப்பார்கள். ஆரஞ்சரியின் கான்கிரீட் தளம் வந்து அதை மூடிவிட்டால் முன்வாசல் பக்கம் நுழைந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. உடனே ஒன்றும் தெரியாது. சில வருஷம் கழித்து வரவேற்பறைத் தரை ஒரு ஓரத்தில் அமுங்கும். தூக்கிப் பார்த்தால் உத்தர நுனி விரலால் பெயர்கிற அளவுக்கு உளுத்திருக்கும். கான்கிரீட் ஊற்றும் முன் ஒவ்வொரு ஏர் பிரிக்கிலிருந்தும் 110 மில்லிமீட்டர் குழாயை, வெளியே பார்த்துச் சற்றே சரிவாக, புதுத் தளத்துக்கு அடியில் கொண்டுபோய்ப் புதுச் சுவரின் வெளிமுகத்தில் திறந்துவிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. விட்டால் ஆகும் செலவு தரை முழுவதும்.

மூன்றாவது, பழைய சுவரும் புதுச் சுவரும் ஒரே வேகத்தில் இறங்காது. லண்டன் களிமண் கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். இப்படி அதிகம் சுருங்கி ஊதும் களிமண்ணில் மரமே இல்லாவிட்டாலும் ஒரு மீட்டர் ஆழம் வேண்டும். பக்கத்தில் ஓக், வில்லோ போல் தண்ணீர் இழுக்கும் மரம் இருந்தால் பொறியாளர் சொல்லும் ஆழம், அது இரண்டு மீட்டரைத் தாண்டினாலும். கன்சர்வேட்டரிக்காக முன்பு போட்ட ஆழமில்லாத தளத்தின் மேலேயே செங்கல் தூணும் லான்டர்னும் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் கோத்து இணைக்காமல், துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வைத்து, நடுவில் 10 மில்லிமீட்டர் இணைப்பு விட்டு, நெகிழும் மாஸ்டிக் பூச வேண்டும். உள்ளே பிளாஸ்டரிலும் அதே கோட்டில் பிரிவு வர வேண்டும். கோத்துவிட்டால் முதல் வறட்சியிலேயே செங்கல் குறுக்காக வெடிக்கும்.

லான்டர்ன்

அழகு இதில்தான். அதை நான் மறுக்கவில்லை. மேகம் மூடிய டிசம்பர் மதியத்திலும் ஒரு லான்டர்ன் அறையின் ஆழம் வரை வெளிச்சம் கொண்டுவரும். சுவர் ஜன்னலால் அது முடியாது. திறப்பைச் சுற்றி உத்தரங்கள் இரட்டையாக வேண்டும், அகலமானால் எஃகு வேண்டும். லான்டர்ன் உட்காரும் மேடை கூரை மட்டத்துக்கு மேலே 150 மில்லிமீட்டர் எழ வேண்டும். இன்சுலேஷன் தடிமனைக் கணக்கில் எடுக்காமல் அளந்தால் 40, 50 மில்லிமீட்டர்தான் மிஞ்சும், பெருமழையில் தண்ணீர் ஏறிவரும். தட்டைக் கூரைக்கு 40-க்கு 1 சரிவு திட்டமிட்டால்தான் கட்டி முடித்த பிறகு 80-க்கு 1 கிடைக்கும். கூரை விளிம்பின் அலங்காரப் பட்டையான கார்னிஸுக்குப் பின்னால் மறைத்த பெட்டி வாய்க்கால் வைப்பதாக இருந்தால் வழிந்தோட ஒரு தனித் துளை கண்டிப்பாக வேண்டும். இலை அடைத்தால் தண்ணீர் தேடும் அடுத்த வழி உங்கள் சீலிங்.

வெயிலுக்குக் கணக்கு: உச்சிக் கோடையில் சதுர மீட்டருக்கு 800 வாட் விழுகிறது என்று வையுங்கள். சாதாரணக் கண்ணாடி அதில் 60 சதவீதத்தை உள்ளே விட்டால் 5 சதுர மீட்டர் லான்டர்ன் 2,400 வாட் ஹீட்டர். சோலார் கண்ட்ரோல் கண்ணாடி 30 சதவீதமாக்கினால் 1,200. 2022 ஜூலை 19-ஆம் தேதி லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவான நாட்டில் இந்தப் பாதி வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ஆனால் கண்ணாடியைவிட முக்கியம் லான்டர்னில் திறக்கிற ஒரு பலகை. சூடான காற்று உச்சியில் தேங்கும். மேலே திறப்பும் கீழே திறப்பும் இருந்தால் தானாக ஓடிவிடும். மழை பட்டால் தானே மூடும் சென்சாரோடு வாங்குங்கள், இல்லையென்றால் பயந்து யாரும் திறக்க மாட்டார்கள்.

நடுவே மாட்டிக்கொண்ட அறை

இந்த இரண்டு வழியில் எதுவும் தவறில்லை. கதவோடு ஒரு குளிர் கூடம் நல்லது. கதவில்லாமல், முழு இன்சுலேஷனோடு, சான்றிதழோடு ஒரு பெரிய அறையும் நல்லது. கெட்டது மூன்றாவது: விலக்கின் கீழ் மெல்லிய தரையோடு கட்டி, இரண்டு வருஷம் கழித்துக் கதவைக் கழற்றுவது. அன்று முதல் அந்த அறை விதிமீறல். ஹாலில் இருக்கும் தெர்மோஸ்டாட் 20 டிகிரிக்கு வர பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும். நம் வீடுகளில் இன்னொன்று கூடும். லண்டன் வீடுகளில் சமையலறை பெரும்பாலும் பின்பக்கம். சோறு வடித்த ஆவியும் தாளித்த எண்ணெய்ப் புகையும் கதவில்லாத வழியாக நேராக லான்டர்னுக்கு ஏறும். 20 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். நல்ல இரட்டைக் கண்ணாடியின் உள்முகம் 16 டிகிரியில் நின்று தப்பித்துவிடும். வெப்பத்தடை இல்லாத அலுமினியச் சட்டம் தப்பிக்காது. காலையில் மேசைமேல் சொட்டுவது கூரை ஒழுக்கு என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். அது நேற்றுச் சாயங்காலத்துச் சாம்பாரின் ஆவி. கதவை எடுப்பதாக இருந்தால் அடுப்புக்கு மேலே வெளியே ஊதுகிற எக்ஸ்ட்ராக்டர் வேண்டும். காற்றை வடிகட்டி உள்ளேயே விடுகிற வகை ஆவியை ஒன்றும் செய்யாது. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் நிறைவுச் சான்றிதழ் கேட்பார். அது இல்லாமல் பின்னோக்கிச் சான்று வாங்கப் போனால் தரையைத் தோண்டிக் காட்டச் சொல்லலாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், கதவு இருக்கட்டும். நல்ல இரட்டைக் கண்ணாடிக் கதவாக, அகலமாக, திறந்தால் சுவரோடு சாய்ந்து நிற்பதாக இருக்கட்டும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அது திறந்தே கிடக்கும். மூடியிருக்கும் ஐந்து மாதத்துக்குத்தான் இந்தக் கூடத்துக்குப் பெயர் வந்தது. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் பனிக்கால இரவில் 10 டிகிரி போதும். ஹீட்டிங் ஓடும் வறண்ட அறையில் வைத்தால்தான் இலையைக் கொட்டும். கறிவேப்பிலையும் தாவரவியலில் அதே ஆரஞ்சுக் குடும்பம்தான். பிரிட்டனில் நம்மவர்கள் குளிரில் காப்பாற்றப் போராடும் அந்தத் தொட்டிச் செடிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வீட்டில் கிடையாது. தொட்டியைக் குளிர்ந்த ஓட்டுத் தரையில் நேராக வைக்காமல் மரப்பலகை மேல் வைத்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விட்டால் மார்ச்சில் துளிர்க்கும்.

வெர்சாயில் மரங்கள் மே நடுவில் வெளியே போய் அக்டோபரில் உள்ளே திரும்புகின்றன. லண்டன் தோட்டத்துக்கும் ஏறக்குறைய அதே நாள்காட்டிதான். அதனால் தோட்டத்துப் பக்கக் கதவை ஆர்டர் செய்யும் முன், முழுவதும் மடிக்காமல் தினமும் திறக்கும் அந்த ஒற்றைப் பலகையின் அகலத்தை அளந்து பாருங்கள். சக்கரப் பலகை மேல் ஒரு பெரிய தொட்டி இடிக்காமல் போக வேண்டும். வாசல்படி தரையோடு சமமாக இருக்க வேண்டும், அப்படியானால் அதன் முன்னே மழைநீர் வாங்க ஒரு நீள வடிகாலும் வேண்டும். அதை முற்றத்துக் கல் பதிக்கும் முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள்.